பதினேழு முகங்களும் ஒரு கதவும்

ஆப்பிள் சாரை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர் போட்ட ஆப்பிளை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். பாலர் வகுப்புச் சுவரிலோ, பிள்ளைகளுக்கு ஊசி போடும் டாக்டரின் அறையிலோ, 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று ஓர் அட்டை தொங்குமே, அதில் இடது பக்கம் வெள்ளையாக ஒரு மினுமினுப்பும், தலையில் ஒற்றை இலையுமாக இருக்கும் சிவப்புப் பழம் அவருடைய கைவேலை. இருபத்திரண்டு வருடமாக அதையே திரும்பத் திரும்ப அச்சடிக்கிறார்கள். பதிப்பகத்தில் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அவர் ஆப்பிள் சார்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

பிள்ளைகளுக்கான படச்சொல் புத்தகங்கள் போடும் பதிப்பகம் அது. பழங்கள், வாகனங்கள், சமையலறைச் சாமான்கள், பறவைகள் என்று வரிசையாகப் போடுவார்கள். ஆப்பிள் சார் வீட்டிலேயே வரைந்து, வாரத்துக்கு இரண்டு நாள் கொண்டுபோய்க் கொடுப்பார். பொருள் என்றால் மனிதர் கில்லாடி. கெட்டில் வரைந்தால் கை சுடும். ஆனால் முகம் மட்டும் ஆரம்பத்தில் அவருக்கு வராது. நர்ஸ் வரையச் சொன்னால் மீசை மழித்த போலீஸ்காரர் வந்து நிற்பார். சிரிக்கிற குழந்தைக்குப் பல்வலி வந்துவிடும். வேலை கையை விட்டுப் போகிற நிலைமையில்தான் அவர் அந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தார். முகச்சவரம் செய்கிற வட்டக் கண்ணாடி ஒன்றை வாங்கி, வளைகிற கம்பியில் மாட்டி, மேஜை விளிம்பில் திருகி வைத்தார். என்ன முகம் வேண்டுமோ அதைத் தாமே செய்து, கண்ணாடியைப் பார்த்து வரைந்தார். சிரிப்பு வேண்டுமானால் சிரித்தார். ஆச்சரியம் வேண்டுமானால் வாயைப் பிளந்தார். அதற்குப் பிறகு நர்ஸ் நர்ஸாகவே வந்தாள்.

கல்யாணமான புதிதில் அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, பகல் பதினோரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்து அழுது நடித்துக்கொண்டிருந்த கணவரைக் கண்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். அந்தக் காலமெல்லாம் போய் வெகுநாளாகிவிட்டது.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். வருகிறவர்களின் மூக்குத்தண்டு, காதுமடல், கன்னம் எல்லாவற்றையும் பார்த்து எந்த ஃபிரேம் பொருந்தும் என்று சொல்லுகிற வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் முகத்தைப் பார்க்கிற மனைவி, நாள் முழுக்கத் தன் முகத்தையே பார்க்கிற கணவர். இவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்பதாவது வருடத்தில் பிறந்தவள் ஒரே மகள். இப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. வீட்டில் குட்டி.

ஆப்பிள் சாரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நல்ல விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அவருடைய அப்பாவுக்கு வாய் பேசாது, பெல்ட்தான் பேசும். அது கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். முதுகில் அதன் தழும்பு இவருக்கு இன்னும் இருக்கிறது. குட்டி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, செத்தாலும் இந்தக் குழந்தை மேல் கை வைக்க மாட்டேன் என்று தமக்குத் தாமே சத்தியம் செய்துகொண்டார். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். ஆறு வருடத்தில் மகள் மேலோ மனைவி மேலோ அவர் விரல்கூடப் பட்டதில்லை. இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கையைக் கட்டிப்போட்டார், சரி. கோபத்தை யார் கட்டினார்கள்? அது முகத்துக்கு ஏறிவிட்டது. வேலைக்கு நடுவில் எது குறுக்கே வந்தாலும், தண்ணீர் சிந்தினாலும், பென்சில் சீவும் மெஷினைக் காணவில்லை என்றாலும், இரண்டு புருவமும் ஒன்றாகிவிடும். கீழுதடு உள்ளே மடியும். மூக்குத்துவாரம் விரிய, கழுத்து முன்னால் நீளும். அப்புறம் ஒரு கத்தல். சில சமயம் பென்சில் டப்பா சுவரில் போய் மோதும். சுவரில்தான், ஆள் மேல் இல்லை. பத்தே நிமிடத்தில் எல்லாம் மறந்துபோய், "டீ கிடைக்குமா?" என்று சாதாரணமாகக் கேட்பார். அவருக்கு மறந்துவிடும்.

குட்டி அப்பாவின் வேலை அறைப்பக்கம் போவதை எப்போது நிறுத்தினாள் என்று அவர் கவனிக்கவில்லை. அவர் ஹாலுக்கு வந்தால் அவள் சமையலறைக்குப் போவாள். கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டுவாள். இப்படி இருந்தபோதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வகுப்பு டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். விளையாட்டு சார் யாரையோ சத்தமாக அதட்டியிருக்கிறார். அவர் அதட்டியது வேறு பிள்ளையை. குட்டி பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் வெளியே வரவில்லையாம்.

அன்று சாயங்காலம் மனைவி கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"பரீட்சை முடிஞ்சதும் இவள அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல. அவ எப்ப வரலாம்னு சொல்றாளோ அப்ப வரோம். சொல்லலன்னா அங்கயே இருந்துக்கறோம்."

"ஆறு வயசுப் புள்ளை சொல்லணுமா? நான் என்ன பண்ணிட்டேன்? ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவ மேல கை வெச்சிருக்கேனா?"

"இல்ல."

"உன் மேல?"

"இல்லங்க."

"அப்புறம் என்ன?"

"உங்க மூஞ்சிய நீங்க பாத்ததில்ல," என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. "நல்லா சொன்ன போ. தினம் எட்டு மணி நேரம் அதத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பரீட்சைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அதற்குள் மகளை எப்படியாவது தம் பக்கம் இழுத்துவிட வேண்டும் என்று ஆப்பிள் சார் முடிவு செய்தார். ஆசையாகக் கூப்பிட்டுப் பார்த்தார். பொம்மை வாங்கிக் கொடுத்தார். பொம்மையை அவள் வாங்கிக்கொண்டு, தேங்க்ஸ் சொல்லிவிட்டு, அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். கடைக்காரரிடம் பாக்கிச் சில்லறை வாங்குகிற மாதிரி இருந்தது அது. அவருக்கு மனசு கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் புதுப் புத்தகம் வந்தது. எடிட்டர் மேடம் ஒரு தாளில் பதினெட்டுச் சொற்களை அடித்துக் கொடுத்தாள். மான்ஸ்டர், ஓகர், டெமன், கோப்ளின், ட்ரோல், ஜோம்பி, வேம்பயர், விட்ச், ஜயண்ட், கிரெம்லின் என்று போய் போகிமேனில் முடிந்தது.

"பேய்ப் புத்தகமா மேடம்? சின்னப் பசங்களுக்கா?"

"அப்படி இல்ல சார். இங்கிலீஷ்காரங்களுக்குப் பேயில்லாமப் பேசவே வராது. தூக்கம் இல்லாம நடந்தா ஜோம்பி. போன்ல வம்பிழுத்தா ட்ரோல். மெஷின் காரணமே இல்லாம நின்னா உள்ள கிரெம்லின் பூந்துடுச்சும்பாங்க. ஆளே இல்லாத ஊருன்னா கோஸ்ட் டவுன். பசங்க கதைப் புத்தகத்துல பாக்குறாங்க, வீட்டுல கேக்குறாங்க, பெத்தவங்களுக்கு அர்த்தம் சொல்லத் தெரியல. அதான் ஒரு பக்கம் படம், கீழ தமிழ், அதுக்குக் கீழ ஒரு வாக்கியம்."

தமிழ் எழுதுகிறவர் பக்கத்து மேஜையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பேய், பிசாசு, பூதம், அரக்கன், ராட்சசன், சூனியக்காரி. ஆறோட என் சரக்கு தீர்ந்துபோச்சு ஆப்பிள் சார். இன்னும் பன்னெண்டு பேர் க்யூவுல நிக்கிறாங்க," என்றார். "அதுல ஒரே ஒரு ஆளுக்குத்தான் அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி நம்மகிட்ட வார்த்தை இருக்கு. போகிமேன். நம்ம பூச்சாண்டி."

"அவருக்கு மட்டும் முகம் வேண்டாம் சார்," என்றாள் மேடம். "போகிமேன் எப்படி இருப்பான்னு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு புள்ளையும் அதுவே நெனச்சுக்கும். அத மட்டும் வேற மாதிரி யோசிங்க."

ஆப்பிள் சார் வீட்டுக்கு வந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன் உட்கார்ந்தார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. சிரிக்கிற குழந்தைக்கு நாலு நாள் மல்லுக்கட்டுகிறவருக்கு, ஆளைத் தின்னும் ஓகர் ஒரே மணி நேரத்தில் வந்துவிட்டது. புருவத்தை இறுக்கினார், உதட்டை மடித்தார், அது பாட்டுக்கு வந்து தாளில் உட்கார்ந்தது. டெமனுக்குக் கழுத்தை நீட்டினார். குள்ளப் பிசாசு கோப்ளினுக்குக் கண்ணை மட்டும் சுருக்கினார். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தோலைப் பச்சையாக்கு, பல்லை நீட்டு, கொம்பு வை, முடிந்தது வேலை. பதினேழும் ஒன்பது நாளில் முடிந்தன. இவ்வளவு சுளுவாக வாழ்க்கையில் எதுவும் வந்ததில்லை என்று மனைவியிடம் சொல்ல நினைத்தார். அவள் ஹாலில் குட்டிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இவர் கதவைத் திறந்ததும் இரண்டு குரலும் நின்றுவிட்டன. ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டார்.

பதினெட்டாவது போகிமேன். அதற்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. சாத்திய ஒரு கதவை வரைந்தார். கதவுக்குக் கீழே உள்ள இடுக்கில் மஞ்சள் வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் இரண்டு கால்களின் நிழல். அவ்வளவுதான். அவருக்கே அது பிடித்துப்போய், சுவரில் சாய்த்துவைத்துத் தள்ளி நின்று பார்த்தார்.

மேடம் ஒவ்வொரு படமாகப் புரட்டி, "எங்கேருந்து சார் பிடிச்சீங்க இதையெல்லாம்?" என்றாள். அப்புறம் நெற்றியைச் சுருக்கி, "எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி இருக்கு. ஒரு அண்ணன் தம்பி சாயல்," என்றாள். "பேய்க்குள்ள அண்ணன் தம்பி இருக்கக் கூடாதா மேடம்?" என்று ஆப்பிள் சார் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம். அச்சுக்குப் போவதற்கு முன், படங்களை ஒட்டி ஒரு டம்மிப் புத்தகம் தைத்து, வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவார்கள். இந்த முறை கூடவே ஒட்டுகிற நட்சத்திரத் தாள் ஒன்றும் வைத்தார்கள். பயமே இல்லையென்றால் பக்கத்தைச் சும்மா விடலாம். கொஞ்சம் பயமென்றால் ஒரு நட்சத்திரம், ரொம்பப் பயமென்றால் மூன்று. மூன்று வாங்குகிற பக்கம் புத்தகத்திலிருந்து போய்விடும். பிள்ளை அலறினால் புத்தகத்தை யார் வாங்குவார்கள்?

டம்மியைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறபோது ஆப்பிள் சாருக்குப் பேருந்தில் இருப்புக்கொள்ளவில்லை. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று பட்டது. குட்டி மடியில் உட்காருவாள். இவர் பக்கத்தைத் திருப்புவார். கோப்ளின் மாதிரி மூக்கால் பேசிக்காட்டுவார். அவள் சிரிப்பாள். இருக்கை அதிர அதிர அவர் இதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவாளோ என்று ஒரு பயம். அதனால் ஹால் மேஜைமேல் வைத்துவிட்டு, "குட்டிக்குத்தான். ஆபீஸ் வேலை. அவதான் ஸ்டார் ஒட்டணும்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குட்டி பாதி பார்த்ததும் வெளியே வந்து பக்கத்தில் உட்காரலாம் என்று திட்டம். விளக்கைப் போட்டுக்கொண்டு, கதவுக்கு இந்தப் பக்கம் காதை வைத்து நின்றார். நாற்பத்தாறு வயதுக்காரர் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள். பிள்ளைக்காக ஏங்குகிறவனுக்கு வயதெல்லாம் தெரியாது.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பக்கம் திரும்பியது.

"எழுத்துக் கூட்டிப் படி பாப்போம்," என்றாள் அம்மா.

"கோப்... ளின்," என்றது குட்டியின் குரல். "ஓ, இது அப்பா."

"எதுடா?"

"இது. பென்சில் சீவுற மெஷின நான் எடுத்தேன்ல, அன்னிக்கு அப்பா."

அவள் குரலில் பயமே இல்லை. வீட்டுப் பாடம் ஒப்பிக்கிற குரல்தான். பக்கம் திரும்பியது.

"ட்ரோல். இது ஸ்கூலுக்கு நான் ஷூ போட லேட்டாச்சே, அப்ப. இது ஓகர். யானைப் படத்து மேல தண்ணி கொட்டினப்ப. இது டெமன். இது என்னைப் பாத்து இல்லம்மா, சாவி தொலைஞ்சப்ப உன்னைப் பாத்து." அடுத்த பக்கத்தில் குரல் கொஞ்சம் இளகியது. "ஜோம்பி. இது காலையில அப்பா. இது ஒண்ணும் பண்ணாது."

"இது விட்ச். பொம்பளை," என்றாள் அம்மா. அவள் குரல் சரியாக இல்லை.

"பொம்பளை வேஷம் போட்ட அப்பா."

கதவுக்குப் பின்னால் ஆப்பிள் சார் காதைக் கதவிலிருந்து எடுத்தார். அப்புறம் மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பதினேழு படங்களின் முதல் நகல்களும் சுவரில் கிளிப் போட்டு மாட்டியிருந்தன. கொம்பையும் பல்லையும் பச்சை நிறத்தையும் மனசால் அழித்துவிட்டுப் பார்த்தார். அதே புருவம். அதே மடிந்த உதடு. இருபது வருடமாகக் கண்ணாடியில் முகம் பார்த்தவர், அன்றுதான் அதில் யார் இருந்தார் என்று கண்டார். அப்பாவின் பெல்ட் நினைவுக்கு வந்தது. அதை ஆணியிலிருந்து எடுத்தால்தான் அடி விழும், ஆணியில் இருக்கும்வரை பயமில்லை என்று சின்ன வயதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். முகத்தை எந்த ஆணியில் மாட்டுவது? வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக வலித்தது.

வெளியே பக்கங்கள் திரும்பிக்கொண்டே இருந்தன. "எதுக்குமே ஸ்டார் ஒட்டலையே நீ," என்றாள் அம்மா.

"இதெல்லாம் தெரிஞ்சதுதானே."

பிறகு வெகுநேரம் சத்தமில்லை. கடைசிப் பக்கமாக இருக்க வேண்டும். நட்சத்திரத் தாளிலிருந்து உரிக்கிற சின்னச் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

"இதுக்கு மட்டும் ஏன் மூணு? இதுல வெறும் கதவுதானே இருக்கு."

"அப்பா உள்ள இருக்காருல்ல," என்றாள் குட்டி. குரல் இறங்கியிருந்தது. "என்ன மூஞ்சின்னு தெரியாது. தெறந்தாத்தான் தெரியும்."

ஆப்பிள் சார் குனிந்து பார்த்தார். அவர் போட்டிருந்த விளக்கின் மஞ்சள் வெளிச்சம் கதவுக்கு அடியில் வெளியே போய்க்கொண்டிருந்தது. அவருடைய இரண்டு பாதங்களும் அந்த வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றன.

விளக்கை அணைத்தால் பயப்படுவாள். நகர்ந்தால் நிழல் நகரும், பயப்படுவாள். திடீரென்று திறந்தால் சொல்லவே வேண்டாம். தம் வீட்டில், தம் அறையில், ஒரு மனிதர் அசைய முடியாமல் நின்றார். கடைசியில் ஒன்றுதான் செய்யத் தோன்றியது. உள்ளே இருந்துகொண்டு தம் கதவைத் தாமே மெதுவாகத் தட்டினார்.

வெளியே எல்லாம் நின்றது.

"நான்தான்," என்றார். "வெளிய வரலாமா?"

குட்டி அம்மாவிடம் கேட்பது கேட்டது. "என்ன மூஞ்சின்னு கேளும்மா."

அம்மா கேட்கவில்லை. கேட்க அவசியமும் இல்லை. ஆப்பிள் சார் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். புருவத்தைத் தொட்டுப் பார்த்தார். மேஜைமேல் இருந்த கண்ணாடி நாலடி தூரத்தில் இருந்தது. அங்கே போகக் கால் வரவில்லை.

"தெரியலடா," என்றார்.

"அப்ப வர வேண்டாம்," என்றாள் மகள்.

வேறொரு நாளாக இருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று அவருக்கே தெரியும், அந்த வீட்டுக்கே தெரியும். அன்று அவர் "சரிடா" என்று சொல்லிவிட்டு, சத்தம் போடாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவர்கள் சாப்பிட்டு முடித்து, அம்மா குட்டியைக் கூட்டிக்கொண்டு மாடிக்குத் துணி எடுக்கப் போகும்வரை அவர் வெளியே வரவில்லை.

மறுநாள் டம்மியைத் திருப்பிக் கொடுத்தார். எடிட்டர் மேடம் புரட்டிப் பார்த்துவிட்டு வியந்துபோனாள். "பதினேழு பக்கத்துக்கு ஒரு ஸ்டார்கூட இல்லையே. மத்த பசங்கள்லாம் டெமனுக்கு ரெண்டு ஸ்டார் ஒட்டியிருக்காங்க. உங்க பொண்ணு பலே தைரியசாலி சார்."

"பழகிடுச்சு மேடம்," என்றார் ஆப்பிள் சார்.

அவள் தலைதூக்கி அவரைப் பார்த்தாள். பிறகு திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி அவர் புருவத்தைப் பார்த்தாள். புத்தகத்தை மூடிவைத்தாள். பதினேழையும் வேறு மாதிரி வரைந்து தரட்டுமா என்று அவர் கேட்டார். அச்சகத்தில் தேதி வாங்கியாகிவிட்டது, இனி முடியாது என்றாள். கதவுப் பக்கம் மட்டும் விதிப்படி போய்விட்டது. அதனால் கடையில் நீங்கள் அந்தப் புத்தகத்தை வாங்கினால் பதினேழுதான் இருக்கும்.

பரீட்சை முடிந்த அன்றே மனைவி பெட்டி கட்டினாள். ஆப்பிள் சார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை போனார். "கூட்டிட்டுப் போ. அவ சொல்றப்ப வாங்க," என்று மட்டும் சொன்னார். குட்டி ஜன்னல் பக்கம் உட்காராமல் அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்போது கையை மட்டும் காட்டினாள். அது போதுமென்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். போதவில்லை.

மறுநாள் தச்சரைக் கூப்பிட்டு, வேலை அறைக் கதவைக் கழற்றச் சொன்னார்.

"புதுசு போடணுங்களா?"

"போட வேணாம். கழட்டினா போதும்."

"கதவு போடச் சொல்லித்தான் எல்லாரும் கூப்புடுவாங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே தச்சர் கீலைக் கழற்றினார். கதவை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்கள். அறையிலிருந்து பார்த்தால் இப்போது ஹாலும், சமையலறையும், குட்டியின் நாற்காலியும் தெரிந்தன. ஆளில்லாத நாற்காலியைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வது லேசான காரியமில்லை.

தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு மனைவி போன் போட்டு மகளிடம் கொடுப்பாள். முதல் நாள் குட்டி எடுத்த எடுப்பில், "என்ன மூஞ்சி?" என்றாள். போனில் முகம் தெரியாதல்லவா. அதுவும் ஒரு சாத்திய கதவுதான்.

"சிரிச்ச மூஞ்சிடா."

"பொய்," என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

அடுத்த நாளிலிருந்து அவர் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் போனை எடுத்தார். பார்த்து, உள்ளதைச் சொன்னார். ஒருநாள் ஜோம்பி. அன்று நாலு நிமிடம் பேசினாள், பெரியம்மா வீட்டில் பல் ஆடியதைப் பற்றி. ஒருநாள் கோப்ளின்.

"ஏன்?"

"மை பாட்டில் கவுந்துடுச்சு. நானேதான் கவுத்தேன்."

"டப்பா எறிஞ்சீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "எறிஞ்சேன்."

"அப்ப நாளைக்குப் பேசலாம்," என்று வைத்துவிட்டாள். அவள் செய்தது சரிதான் என்று அவருக்குப் பட்டது. எழுந்துபோய், சுவரோரம் கிடந்த டப்பாவை எடுத்து, சிதறிய பென்சில்களைப் பொறுக்கினார். அடுத்த நாள்களில் அந்த டப்பா மேஜையிலேயே இருந்தது, சுவருக்குப் போகவில்லை. முகம் அத்தனை சீக்கிரம் படியவில்லை. நாற்பத்தாறு வருடப் பழக்கம் வாரத்தில் போகுமா?

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது மனைவி பேசினாள். "இவ இன்னும் ஒண்ணும் சொல்லலங்க. அக்கா இங்க ஒரு ஸ்கூல்ல கேட்டு வெச்சிருக்கா. ஒண்ணாந்தேதிக்குள்ள சேக்கணுமாம்."

"நீ என்ன நெனைக்கிற?"

"நான் நெனைக்கிறது இருக்கட்டும். அவ சொல்லட்டும்."

மறுநாள் ஆறு மணிக்குப் போன் அடித்தபோது அவர் முன்பே கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மூஞ்சி?" என்றாள் குட்டி.

கண்ணாடியைப் பார்த்தார். புருவம் இரண்டும் மேலே ஏறி நெற்றியில் தனித்தனியாக நின்றன. உதடு காய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இப்படி ஒரு முகத்தை இந்தக் கண்ணாடியில் அவர் பார்த்ததே இல்லை. பெல்ட் தொங்கிய வீட்டில் ஒரு பையனுக்கு இருந்த முகம் அது.

"பயந்த மூஞ்சி," என்றார்.

"யாரப் பாத்து?"

"நீ வரமாட்டேன்னு சொல்லிடுவியோன்னு."

பின்னால் பெரியம்மா வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது. குட்டி மூச்சுவிடுவது கேட்டது.

"அது அந்தப் புக்ல இல்லையே," என்றாள்.

"இல்லடா. அத நான் வரையல."

"ரூம்ல இருக்கீங்களா?"

"ஆமா. கதவு இல்ல இப்ப. கழட்டி மாடில வெச்சுட்டேன்."

இதை அவள் யோசித்துப் பார்த்த மாதிரி இருந்தது. "அந்த மூஞ்சிய வரைங்க," என்றாள். "நான் வந்து பாக்கணும்."

"எப்ப வருவ?"

"முடிச்சுட்டுச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு ஆப்பிள் சார் புதுத் தாள் ஒன்றை எடுத்துப் பலகையில் ஒட்டினார். பென்சிலைச் சீவினார். கண்ணாடியைப் பார்த்தார். பதினேழு முகங்களை ஒன்பது நாளில் ஊதித் தள்ளியவருக்கு ஒரு கோடு போட முடியவில்லை. பார்க்கிறபோதெல்லாம் கண் நிறைந்து, கண்ணாடியில் இருந்தவர் கலங்கிப்போனார். துடைத்துக்கொண்டு பார்த்தார், மறுபடியும் கலங்கினார். பள்ளி திறக்க இன்னும் ஆறு நாள் இருந்தது.